குளத்துத் தெருவில் முடியாத சனிக்கிழமை

1942 அக்டோபர் 17, சனிக்கிழமை. போலந்தின் கிழக்கே ஓல்ஷாவ்கா என்ற சிற்றூரில், குளத்துத் தெருவில் மட்டும் அன்றைய சனிக்கிழமை முடியவில்லை. மற்ற தெருக்களில் இருட்டி விடிந்தது, ஞாயிறு வந்தது, மாதா கோயில் மணி அடித்தது, திங்களன்று சந்தை கூடியது. குளத்துத் தெருவிலும் இருட்டத்தான் செய்தது, விடியத்தான் செய்தது. கிழமைதான் மாறவில்லை. அந்தத் தெரு யூதர்களுடையது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள்; அன்று நெருப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, தைக்கக்கூடாது, சுமை தூக்கித் தெருவில் நடக்கக்கூடாது. மாலையில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் வீட்டு ஆட்கள் கூடி நின்று, பின்னல் மெழுகுவத்தி ஏற்றி, கிராம்பு முகர்ந்து, வத்தியைத் திராட்சை ரசத்தில் அணைத்தால்தான் அந்த நாள் முடிந்து புது வாரம் தொடங்கும். அன்று காலையிலேயே தெருவில் இருந்த எல்லாரையும் ஜெர்மானியர்கள் ரயிலடிக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். மாலையில் நட்சத்திரங்கள் வந்தன. அந்த நாளை முடித்துவைக்க ஆள் இல்லை.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் திருடப் போனவர்கள். பித்தளை மெழுகுவத்தித் தாங்கி, தலையணை, தையல் இயந்திரம் என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கியவர்கள் தெருமுனைக்கு வருவதற்குள் தோள் இற்றுப்போய்க் கீழே வைத்தார்கள். ஆறு பேர் சேர்ந்தும் ஒரு தலையணையை முனை தாண்டிக் கொண்டுபோக முடியவில்லை. உடுத்தியிருப்பது சுமையில் சேராது என்பதைத் தச்சர் ஒருவரின் மனைவி கண்டுபிடித்தாள். அதன்பின் ஓல்ஷாவ்காவாசிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பாவாடை, மூன்று கோட்டு, கழுத்தைச் சுற்றித் திரைச்சீலை என்று அணிந்து, கைகளை விரித்தபடி ஆடி ஆடி வெளியே வந்தார்கள். உடுத்த முடியாத பொருள்கள் நிறைய மிஞ்சின. பொருளை வெளியே கொண்டுபோக முடியாதென்றால் நாம் உள்ளே போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்து, அந்த வாரத்துக்குள் நாற்பத்தோரு வீடுகளிலும் குடியேறினார்கள். வீட்டை எடுத்துக்கொண்டவர்களை வீட்டின் சனிக்கிழமை எடுத்துக்கொண்டது. அவர்கள் உரசிய தீக்குச்சி கணப்பின் வாய்வரை எரிந்து, உள்ளே போனதும் அணைந்தது. பேனா எழுதவில்லை. நூலில் முடிச்சு நிற்கவில்லை.

அந்தத் தெருவில் எல்லா வேலையும் செய்யக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் ப்ரோன்கா. வயது ஒன்பது. கூலிக்குத் துணி துவைக்கும் ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் மகள். ஏழு வயதிலிருந்து சனிக்கிழமை காலைகளில் குளத்துத் தெரு வீடுகளில் கணப்பு மூட்டுவது அவள் வேலை. தங்கள் ஓய்வுநாளில் யூதர்கள் மூட்டக்கூடாது, அடுத்தவர் மூட்டலாம். ஆனால் அவரிடம் வாய்விட்டு மூட்டச் சொல்லவும் கூடாது. வீட்டுக்காரி கூரையைப் பார்த்து, “இன்னிக்கு என்னமோ விரலெல்லாம் மரத்துப் போச்சு” என்பாள். ப்ரோன்கா குனிந்து தீக்குச்சி உரசுவாள். மேசை ஓரத்தில் ஒரு துண்டுப் பின்னல் ரொட்டி இருக்கும். அதையும் யாரும் எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டார்கள்.

தொப்பி தைக்கும் ஷாயாவின் மகள் பெரெல், ப்ரோன்காவைவிட ஒரு வயது மூத்தவள், வீடு வீடாகக் கூடவே வருவாள். நெருப்பைத் தொட மாட்டாள், எதையும் தூக்க மாட்டாள், கையை வீசிக்கொண்டு நடந்து வாயால் மட்டும் வேலை செய்வாள். தன் வீட்டு முறை வரும்போது அம்மா மிண்ட்லாவை முந்திக்கொண்டு அவளே குறிப்பு சொல்வாள்.

“எங்க வீட்டுப் பூனை மீசையில ஐஸ் தொங்குதுடி.”

“உங்க வீட்டுல பூனையே கிடையாதே.”

“அதான். குளிர் தாங்காம ஓடிப்போச்சு.”

“இந்தப் பொண்ணு வாயை வச்சுக்கிட்டு நான் எப்படிக் கட்டிக்கொடுப்பேன்” என்று மிண்ட்லா சிரிப்பாள். தொப்பிகளைக் காயவைக்க ஷாயா கணப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பொந்து விட்டிருந்தார். அதன் கதவின் மேலும் சுவரில் ஒட்டிய அதே பூக்காகிதத்தை ஒட்டியிருந்ததால் தெரியாதவர் கண்ணுக்கு அது சுவர்தான். கண்ணாமூச்சி ஆடும்போது பெரெல் எப்போதும் அதற்குள்தான் ஒளிவாள். ப்ரோன்கா எப்போதும் தோட்டத்தில் முதலில் தேடுவாள், விளையாட்டு சீக்கிரம் முடியக்கூடாது என்பதற்காக.

1941 கோடையில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். தெருவைச் சுற்றி வேலி வந்தது. ஷாயாவைப் பட்டாளத் தொப்பி தைக்க வேறு ஊர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ப்ரோன்கா வேலியின் அடியில் நுழைந்து சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தாள். விறகு தீர்ந்திருந்தது. பெரெல் கூரையைப் பார்த்து, “எங்க மேசைக்கு ஒரு கால் கூடுதல்னு தோணுது” என்றாள். அடுத்த வாரம், “மூணு கால் மேசை நொண்டுது, பார்க்கப் பாவமா இருக்கு” என்றாள். மார்ச் மாதத்தில், “மேசைக்கு எதுக்குடி காலு? எங்க போகப் போகுது?” என்றாள். ப்ரோன்கா எல்லாவற்றையும் எரித்துக் கொடுத்தாள். மிண்ட்லா இப்போது சிரிப்பதில்லை. ரொட்டி இல்லாததால் மேசை இருந்த இடத்தில் தரையில் ஒரு பட்டன் வைப்பாள். அதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னதில்லை.

அந்த அக்டோபர் சனிக்கிழமை வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது மிண்ட்லா மகளைப் பொந்துக்குள் தள்ளி, காய்ந்த ரொட்டிப் பையை மடியில் போட்டு, காகிதக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக வெளியே போனாள். ஊர் நடைபாதையில் நின்று பார்த்தது. அந்தக் கூட்டத்தில் நின்ற ப்ரோன்கா, மிண்ட்லா மட்டும் வருவதைக் கண்டதும் பெரெல் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டாள். ஐந்தாம் நாள் அந்த வீட்டில் ஆசிரியர் கோசுப்பும் அவர் மனைவி லுட்விகாவும் குடியேறினார்கள். கோசுப் படித்தவர். பள்ளியில் இரண்டு பெண்களுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்தவர். பெரெல் நன்றாக வாசித்ததற்கு ஒருமுறை எல்லார் முன்னாலும் அவளுக்கு ஒரு சிவப்பு பென்சில் பரிசளித்தவர். வந்ததும் ஷாயாவின் நரித்தோல் காலர் வைத்த கோட்டை அணிந்து பார்த்தார். தோள் பெரிதாக இருந்தது. இருந்தாலும் கழற்றவில்லை.

குளிர் இறங்கியது. குடியேறியவர்கள் உலர்ந்த விறகு போட்டுப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். புகைபோக்கி சுத்தம் செய்பவரை வெளியூரிலிருந்து அழைத்தார்கள். குழாயில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார். அது தரையில் உறைந்து, லுட்விகா வழுக்கி விழுந்தாள். சமையலறையில் அவர்கள் சொந்தமாகக் கொண்டுவந்த மண்ணெண்ணெய் ஸ்டவ் மட்டும் எரிந்தது. பின்னால் வேலைக்கு வந்தபோது அதை அந்தத் தெருவுக்கு வெளியே போய் ஏற்றி, எரிய எரியக் கொண்டுவந்த ஆள் ப்ரோன்கா. நாற்பத்தோரு வீடுகளிலும் மனிதர்கள் திருடிய கோட்டுக்குள், திருடிய இறகு மெத்தைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். இரண்டு தெரு தள்ளி அவர்களுடைய பழைய வீடுகள் கணப்பு எரியும் நிலையில் பூட்டிக் கிடந்தன. ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை.

அந்தக் கணப்புகளை மூட்டிய பெண் யாரென்று லுட்விகாவுக்கு நினைவு வந்து ஆள் அனுப்புவதற்கு முன்பே ப்ரோன்கா வாசலில் நின்றிருந்தாள். தினமும் கணப்பை மூட்ட முயல்வதும் வீட்டு வேலையும் அவள் பொறுப்பு என்றானது. அவள் ஒவ்வொரு காலையும் கணப்பின் முன் முட்டிபோட்டு, குச்சியை உரசி, மூச்சை மெல்ல விட்டு அதை அணைத்துவிடுவாள்.

“மந்திரம் கிந்திரம் வச்சிருக்கியாடி? சொல்லிடு, அடிக்க மாட்டேன்” என்பாள் லுட்விகா.

“விறகு ஈரம்மா.”

“ஈரமா? போன வருஷத்து விறகுடி அது!”

“அப்போ குச்சி ஈரம்.”

அடி விழும். வாளியைத் தூக்கும்போது கனப்பது போல முனகவும், ஊசி நூலைக் கொடுத்தால் முடிச்சு அவிழ்வது போலக் காட்டவும் அவள் கற்றுக்கொண்டாள். மூட்டத் தெரியாதவளாக அவள் நடித்ததற்குக் காரணம் இருந்தது. கணப்பு அறை உறைந்து கிடந்ததால் கோசுப்பும் லுட்விகாவும் சமையலறையை விட்டு வருவதில்லை. அறை சூடானால் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காகிதக் கதவிலிருந்து இரண்டு முழத்தில். பெரெலைக் குளிர்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. குளிர்தான் அவளைக் கொன்றுகொண்டும் இருந்தது. ப்ரோன்கா தன் உருளைக்கிழங்கில் பாதியைக் கதவின் கீழ் இடுக்கில் தள்ளுவாள், கந்தல் அள்ளும் சாக்கில் பொந்துக்குள் இருந்த கழிவு வாளியை மாற்றுவாள், கணப்பைக் கிளறும் சத்தத்துக்குள் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

“வாத்தியார் என்ன பண்றாரு?”

“உங்கப்பா கோட்டைப் போட்டுக்கிட்டு முட்டை திங்கிறாரு.”

“கோட்டு பொருந்துதா?”

“தோள் தொளதொளன்னு இருக்கு.”

“இருக்கும். எங்கப்பா தோள் பெருசு.” உள்ளே இருந்த குரலில் பெருமை இருந்தது.

ஜனவரியில் குளத்தின் பனிமேல் வண்டிகள் ஓடின. பெரெலின் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. ப்ரோன்கா தள்ளிய உருளைக்கிழங்கு மறுநாளும் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலை, கணப்பின் முன் வழக்கம்போல முட்டிபோட்டிருந்தபோது, சுவருக்குள்ளிருந்து தூக்கக் கலக்கம் போல ஒரு குரல் மெல்ல வந்தது.

“ப்ரோன்கா… இங்க ஒரு பூனை இருந்துச்சு. ஓடிப்போச்சு.”

பெரெல் மூட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அவள் எந்தச் சனிக்கிழமையும் கேட்டதில்லை. ப்ரோன்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அறை சூடானால் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சூடாகாவிட்டால் நாளை குரல் வராது என்றும் தெரியும். அவள் குச்சியை உரசினாள். இந்தமுறை ஊதவில்லை. கணப்பு பற்றிக்கொண்டது, அந்த வீட்டில் மட்டுமல்ல. குளத்துத் தெருவின் நாற்பத்தோரு கணப்புகளிலும் அதே நொடியில் நெருப்பு எழுந்தது. விறகு வைக்காத கணப்புகளிலும் எழுந்தது. தெருவாசிகள் வெளியே ஓடிவந்து, தங்கள் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

நான்கு நாள் அறை சூடாக இருந்தது. பொந்துக்குள் பெரெல் உருளைக்கிழங்கு சாப்பிட்டாள். “தொப்பியெல்லாம் எவ்ளோ குடுத்து வச்சதுங்கடி” என்றாள். நான்காம் நாள், மற்ற தெருக்களில் ஞாயிறு, கோசுப் தன் புதுக் கணப்பறைக்கு ஊர்ப் பெரியவர்களைத் தேநீருக்கு அழைத்தார். மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, மாதா கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை, இன்னும் சிலர். ப்ரோன்கா தட்டுடன் நின்றாள். மருந்துக்கடைக்காரர் இவ்வளவு நல்ல கணப்பு யூதனுக்குப் போய் வாய்த்திருந்ததே என்றார். அப்போது சுவர் சிரித்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சூட்டில் ஆழ்ந்து தூங்கிய பெரெல், கனவில் எதையோ கண்டு சிரித்தாள்.

ப்ரோன்கா உடனே உரக்கச் சிரித்தாள்.

“என்னடி இளிப்பு?” என்றார் கோசுப்.

“உங்க மூக்கு, ஐயா… பீட்ரூட் மாதிரி…”

லுட்விகா அறைந்தாள். ப்ரோன்கா இன்னும் பலமாகச் சிரித்தாள். அடி விழ விழ, சுவர்ப்பக்கம் இன்னொரு சத்தம் கேட்டுவிடாதபடி, குரல் உடையும்வரை சிரித்தாள். பத்து வயதுகூட ஆகாத குழந்தைக்கு எவ்வளவு மூச்சு இருக்க முடியும்? அவள் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில், பூக்காகிதத்துக்குப் பின்னால் பெரெல் மறுபடி சிரித்தாள்.

எல்லாரும் கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்தார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி, நேரமாகிறது என்றாள். கோயில்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார். யூதரை ஒளித்துவைத்தவருக்கு மரண தண்டனை என்று சட்டம் இருந்தது உண்மை. கோசுப் யாரையும் ஒளித்துவைக்கவில்லை என்பதும், அவரிடம் யாரும் வந்து கேட்கவில்லை என்பதும், காது கேட்காத மனிதராக அவர் அன்று மாலையைக் கழித்திருக்கலாம் என்பதும் உண்மை. அவர் எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தார். அந்த வீட்டில் மை ஓடவில்லை. எனவே கோட்டை மாட்டிக்கொண்டு, பாலம் தாண்டி, ஜெர்மன் போலீஸ் நிலையத்துக்கு நடந்து போய் வாயால் சொன்னார். அந்த நடை ஏறத்தாழ அரை மணி நேரம். வழியில் திரும்பி வர அவருக்கு அரை மணி நேரமும் இருந்தது. வேலைக்காரப் பெண்ணைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவர் வீட்டுக்குத்தான் கேள்வி வரும்.

பெரெலை வெளியே கொண்டுவந்தபோது ப்ரோன்கா வாசலில் நின்றாள். லுட்விகா அவள் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாள். பெரெல் அவளை யாரென்றே தெரியாதவள் போலக் கடந்து போனாள். நடிப்பதில் அவள் எப்போதும் ப்ரோன்காவைவிடக் கெட்டிக்காரி. தெருமுனையைத் தாண்டியதும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. செங்கல் சூளைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுட்டார்கள். கோசுப்புக்கு இரண்டு கிலோ சர்க்கரை கிடைத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டுத் தேநீர் இனித்தது. வந்தவர்கள் எல்லாரும் குடித்தார்கள். துணி துவைப்பவளின் மகள் கணப்பை மூட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்று ஊரில் பின்னாளில் பலர் சொன்னார்கள். அதைச் சொன்னவர்களில் அந்தத் தேநீரைக் குடித்தவர்களும் இருந்தார்கள்.

ஓய்வுநாளில் எரியும் நெருப்பை அணைக்கவும் கூடாது. அந்த நாற்பத்தோரு கணப்புகளும் அணையவில்லை. வசந்தம் வந்தது, ஜூலை வந்தது, தண்ணீர் ஊற்றினார்கள், மண் கொட்டினார்கள். நெருப்பு விறகில்லாமல் எரிந்தது. ஆட்கள் உள்ளாடையோடு முற்றத்தில் படுத்தார்கள். அப்போதும் ஒருவரும் வீட்டை விட்டுப் போகவில்லை. ப்ரோன்காவிடம் வந்து கேட்டவர்களுக்கு, “எனக்கு மூட்டத்தான் தெரியும்” என்று சொல்லி அனுப்பினாள்.

1945 ஆகஸ்டில் ஷாயா திரும்பி வந்தார். முகாமில் தொப்பி தைத்துப் பிழைத்திருந்தார். தோள் இல்லை, எலும்புதான் இருந்தது. தன் வீட்டின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவர் சுட்டது. ப்ரோன்கா பக்கத்தில் வந்து நின்றாள். ஷாயா கூரையைப் பார்த்து, “பெரெலுக்குக் குளிர் ஆகாது” என்றார்.

“கடைசி நாலு நாள் குளிரல மாமா” என்றாள் அவள்.

அவர் கையை எடுக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் தெரு கூடிவிட்டது. யூதர் வந்திருக்கிறார், அந்தச் சனிக்கிழமையை முடித்துவைப்பார் என்று செய்தி பரவியிருந்தது. மாதா கோயிலுக்கு வத்தி செய்பவரிடம் சொல்லி ஒரு பின்னல் மெழுகுவத்தியே தயாராக வைத்திருந்தார்கள். கோசுப் வேர்த்து வழிய ஜன்னலில் தோன்றி, “உங்க கோட்டை வேணா எடுத்துக்குங்க. இதை மட்டும் ஏத்தி அணைச்சுட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்” என்றார்.

ஷாயா மெழுகுவத்தியை வாங்கிப் பார்த்தார். பின்னல் சரியாகத்தான் இருந்தது. “இது வீட்டு ஆளுங்க கூடி நின்னு முடிக்கிறது. ஆளுங்களைக் கொண்டா. முடிச்சுத் தர்றேன்” என்றார். வத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். மாலை ரயிலில் போய்விட்டார். பிறகு வரவில்லை. மெழுகுவத்தி சுவரின் சூட்டில் ஒரு மணி நேரத்தில் உருகி வழிந்தது.

முப்பது ஆண்டுகளில் ஊர் பழகிக்கொண்டது. தெருவின் குழந்தைகள் வீட்டுப்பாடத்தை வேறு தெருவில் எழுதினார்கள். சாகக் கிடந்தவர்களை, கால் நடக்கும்போதே வேறு தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். கோசுப்புக்கு ஓய்வூதியமும் ஒரு பாராட்டுப் பதக்கமும் கிடைத்தன. வயதானதும் எந்தச் சூடும் போதாமல் கட்டிலைக் கணப்புக்கு அருகில், பூக்காகிதச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டார். 1973 ஜூலையில் ஒரு இரவு தூக்கத்தில் அங்கேயே இறந்தார். பிணத்தைத் தூக்க வந்தவர்களால் அதைக் கட்டிலிலிருந்து அசைக்க முடியவில்லை. ஆறு பேர், பிறகு பன்னிரண்டு பேர் முயன்றார்கள். முற்றத்தில் குழி வெட்டலாம் என்றால், ஓய்வுநாளில் மண் தோண்டவும் கூடாது, மண்வெட்டி இறங்கவில்லை. லுட்விகா கைத்தடி ஊன்றி, மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை பார்த்த ப்ரோன்காவின் வீடு தேடி வந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

“ரொம்பக் கனமா இருக்காரும்மா” என்றாள்.

லுட்விகா தன்னை அறியாமல், அந்தத் தெருவின் முறைப்படி, கேட்காமல் கேட்டுவிட்டாள். ப்ரோன்காவுக்குப் புரிந்தது. அவள் தூக்கினால் வந்துவிடும் என்பதும் தெரியும். நாற்பது வயதில் முதல்முறையாக ஒரு குறிப்பைக் கேட்டும் அவள் குனியவில்லை.

“ஆமாம்மா. கனமாத்தான் இருக்கும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் நாள் கணப்பறையின் கதவை மூடி, அதன்மேல் பூக்காகிதம் தொங்கவிட்டார்கள். கோசுப் உள்ளேதான் இருக்கிறார். லுட்விகா இறந்தபின் அந்த வீட்டின் மற்ற அறைகளை நகராட்சி வாடகைக்கு விட்டிருக்கிறது. குளத்துத் தெருவில் கரிச் செலவு இல்லை என்பதால் வாடகை மற்ற தெருக்களைவிடக் கொஞ்சம் கூடுதல். வீடு காலியாக இருந்ததில்லை.